கரைஞ்சுதா, கலங்குச்சா, உருகிச்சா: சமையல் மேடைல நடந்த ஒரு கலவைப் பாடம்

9 வயசுலேர்ந்து 11 வயசு வரைக்கும் 12 பசங்க, வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், நாலு வாரம். ஒரு நீள மேஜை, ஒரு அடுப்பு, ஒரு கிராம் வரைக்கும் காட்டுற கிச்சன் எடை மெஷின், நிறைய கண்ணாடி டம்ளர். கலவைகளின் வகைகள்ங்கற பாடத்த சாப்பாட்டுப் பொருள வச்சே நடத்தி முடிச்சுடலாம்னு இறங்கினேன். ஈசியான பாடம்னுதான் நெனச்சேன், எதுக்கு நாலு வாரம், ரெண்டு வாரம் போதுமேன்னு கூட யோசிச்சேன், ஆனா முதல் வாரக் கடைசில ஒரு டம்ளர் பால் எல்லாத்தயும் கவுத்துடுச்சு. எங்க தப்பு பண்ணேன், அத எப்படி சரி பண்ணேன், எது கடைசி வரைக்கும் சரியாகலங்கறத மறைக்காம எழுதி வைக்கிறேன், இதே பாடத்த எடுக்கப் போறவங்களுக்கு உதவும்.

முதல் வாரம்: எல்லாரும் நூத்துக்கு நூறு

எல்லாரும் பண்றததான் நானும் பண்ணேன். ஒரு கிண்ணத்துல வேர்க்கடலை, உலர் திராட்சை, சோளப்பொரி மூணயும் போட்டுக் குலுக்கி, இதுல எது எதுன்னு தெரியுதான்னு கேட்டேன், தெரியுதுன்னாங்க, அப்போ இது பலபடித்தான கலவை. இன்னொரு டம்ளர்ல தண்ணில சக்கரயப் போட்டுக் கலக்கி, இப்போ சக்கர தெரியுதான்னு கேட்டேன், தெரியல, அப்போ இது ஒருபடித்தான கலவை, இதுக்கு கரைசல்னு பேரு, சக்கர கரைபொருள், தண்ணி கரைப்பான். போர்டுல ரெண்டு வரி எழுதினேன். தனித்தனியா தெரிஞ்சா பலபடித்தான, தெரியலன்னா ஒருபடித்தான. அப்புறம் பத்து கேள்வி உள்ள ஒரு தாள் குடுத்தேன், அத்தன பேரும் பத்துக்குப் பத்து. எனக்கு ஒரே பெருமை.

இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்துச்சு. சும்மா ஒக்கார வேணாமேன்னு குடிக்க வச்சிருந்த பால எடுத்துக் காட்டி, இது எந்த வகைன்னு கேட்டேன். கரைசல் மிஸ்னு மொத்த கும்பலும் ஒரே குரல்ல. ஏன்னு கேட்டா, ஒரே வெள்ளையா இருக்கு, எதுவும் தனியா தெரியல. சரின்னு பக்கத்துல இருந்த கார்ன்ஃப்ளார் மாவ ஒரு ஸ்பூன் தண்ணில போட்டுக் கலக்கினேன், அதுவும் பால் மாதிரியே வெள்ள, அதுவும் கரைசல்னாங்க. இல்லப்பா, மாவு தண்ணில கரையாதுன்னு சொன்னேன் பாருங்க, அப்போ ரெட்ட ஜடை போட்ட ஒரு பொண்ணு எழுந்து, "கரையும் மிஸ், எங்கம்மா தெனமும் மாவு கரைக்கிறாங்களே"ன்னா.

என்ன பதில் சொல்றது? அந்தப் பொண்ணு சொன்னதுல தப்பே இல்ல. நாமதான் வீட்ல "மாவக் கரைச்சு வை", "கட்டி இல்லாம கரை"ன்னு சொல்றோம். அதே வாயால "சக்கர கரைஞ்சுதா பாரு"ன்னும் சொல்றோம். இன்னும் கொஞ்சம் யோசிச்சா ஐஸ் வெளில கெடந்தா "ஐஸ் கரைஞ்சு போச்சு", சோப்பு தேஞ்சா "சோப்பு கரைஞ்சு போச்சு", காசு செலவானா அதுவும் கரைஞ்சு போச்சுதான். ஒரு சொல்லு நாலு வேல பாக்குது, புள்ளைங்க அத வருஷக்கணக்கா காதுல கேட்டுட்டு நம்ம கிட்ட வராங்க, நாம அதுல ஒரே ஒரு அர்த்தத்த மட்டும் பிடிச்சுக்கிட்டு கரைசல்னு போர்டுல எழுதறோம். நான் கேட்ட கேள்வில இருந்த "கரையும்" வேற, அவ காதுல விழுந்த "கரையும்" வேற.

பால் விஷயத்துலயும் அவங்க மேல தப்பு இல்ல. கண்ணுக்குத் தெரியலன்னா ஒருபடித்தானன்னு விதிய எழுதிக் குடுத்தது நான், அவங்க அத ஒழுங்கா பால் மேல போட்டுப் பாத்தாங்க. பதில் தப்பா வந்துச்சுன்னா விதி தப்பு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் இதேதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. பத்துக்குப் பத்து வாங்கின அந்தத் தாள எடுத்துப் பாத்தேன், பத்து கேள்வியும் நானே கண்ணால பாத்து பதில் சொல்ற மாதிரி பொறுக்கி எடுத்திருக்கேன், அப்புறம் மார்க் வராம எங்க போகும்.

ரெண்டாவது வாரம்: பாக்காத, பண்ணிப் பாரு

போர்டுல எழுதின ரெண்டு வரியயும் அவங்க முன்னாடியே அழிச்சேன். போன வாரம் நான் சொன்னது பத்தல, இனிமே எத குடுத்தாலும் பேர் சொல்ல வேணாம், முதல்ல நாலு காரியம் பண்ணிப் பாக்கலாம்னு சொன்னேன். அசைக்காம வச்சா என்ன ஆகுது, வடிகட்டினா என்ன ஆகுது, இருட்டுல டார்ச் அடிச்சா என்ன தெரியுது, போட்டத திரும்ப எடுக்க முடியுதா. பேரு கடைசில வரட்டும்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு பண்ண வேண்டியிருந்துச்சு. சக்கர கரையும்போது அது எங்க போகுதுங்கற விஷயம் இந்த வயசுல பல பேருக்குத் தெளிவா இருக்காது, சக்கர காணாம போச்சு, ருசி மட்டும் நிக்குதுன்னு நெனைப்பாங்க. புள்ளைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஆராய்ஞ்ச உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் அவங்க கிட்ட சக்கரயத் தண்ணில கரைச்சுக் காட்டி இதே கேள்விய கேட்டு, 1941லயே எழுதி வச்சிருக்காங்க, நம்ம மேஜைலயும் அதேதான் நடந்துச்சு. எடை மெஷின் மேல டம்ளர வச்சு பூஜ்யம் ஆக்கிட்டு 200 கிராம் தண்ணி ஊத்தினேன். 50 கிராம் சக்கர போட்டுக் கரைச்சா நம்பர் என்ன காட்டும்னு எல்லாரயும் எழுதச் சொன்னேன். மூணு பேர் 200னு எழுதினாங்க, ரெண்டு மூணு பேர் 210, 220, ஒருத்தன் "கலக்கும்போது 250, கரைஞ்சப்புறம் 200"ன்னு ரொம்ப யோசிச்சு எழுதியிருந்தான். டம்ளர மெஷின் மேலேயே வச்சு சக்கரய போட்டு, ஸ்பூன்ல ஒட்டினதயும் தட்டி விட்டு, கரைய விட்டோம். 250. கரைஞ்ச பிறகும் 250. அந்தப் பையன் மெஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கலாமான்னு கேட்டான், ஆஃப் பண்ணா பூஜ்யம் மாறிடும்டான்னு சொல்லி வச்சேன்.

இதுலயே இன்னொரு குட்டி விஷயம், கோடு போட்ட அளவு ஜாடில பண்ணா தண்ணி மட்டம் 200லேர்ந்து 250க்குப் போகாது, ஏறத்தாழ 230 மில்லி கிட்ட நின்னுடும். எடை முழுசா கூடுது, இடம் மட்டும் முழுசா கூடல. அப்போ சக்கர மணிமணியா உக்காந்திருந்த இடம் வேற, கரைஞ்சு தண்ணிக்குள்ள நுழைஞ்ச பிறகு புடிக்கிற இடம் வேற. இத நான் விளக்கப் போகல, அவங்களே "நடுவுல போய் உக்காந்துடுச்சு"ன்னாங்க, அந்த வயசுக்கு அது போதும்.

அப்போ எவ்ளோ வேணா போடலாமான்னு ஒரு கேள்வி வந்துச்சு, வராம இருக்குமா. 100 கிராம் தண்ணில சக்கர போட்டுக்கிட்டே போனோம், 50, 100, 150, கையெல்லாம் வலிக்க வலிக்க கலக்கினாங்க, 200 கிராம் கிட்ட போய்தான் அடில தங்க ஆரம்பிச்சுது. உப்பா இருந்தா 36 கிராமுக்கு மேல போகாதுன்னேன். "மிஸ், தண்ணிய விட சக்கர ரெண்டு பங்கு இருக்கு, அப்போ எது எதுல கரைஞ்சுது?"ன்னு ஒருத்தி கேட்டா. கரைப்பான்னா அதிகமா இருக்குறது, கரைபொருள்னா கம்மியா இருக்குறதுன்னு நான் போன வாரம் சொன்ன இன்னொரு வரியும் அங்கேயே காலி. எந்தப் பொருளோட நிலைமை மாறாம இருக்கோ அதக் கரைப்பான்னு வச்சுக்கலாம், தண்ணி அப்பவும் திரவம் இப்பவும் திரவம், சக்கரதான் திடமா இருந்து மாறிப் போச்சுன்னு சொல்லி சமாளிச்சேன்.

டார்ச் மானத்த வாங்கின கதை

கரைசலுக்குள்ள வெளிச்சத்தோட பாதை தெரியாது, கூழ்மத்துக்குள்ள, அதாவது குட்டித் துகள் கரையாம, அடில படியாம பரவி நிக்கிற கலவைக்குள்ள, தெரியும், இதத்தான் டிண்டால் விளைவுங்கறோம். 19ஆம் நூற்றாண்டுல ஜான் டிண்டால் ஆராய்ஞ்சதால அந்தப் பேரு. கரைசல்ல இருக்குற துகள் ஒரு நானோமீட்டருக்கும் (மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) கீழ, அதுல பட்டு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியற அளவுக்குச் சிதறாது, கூழ்மத் துகள் 1லேர்ந்து 1000 நானோமீட்டர் வரைக்கும் இருக்கும், அது வெளிச்சத்த நாலா பக்கமும் தெறிக்க விடும். போன் டார்ச் ரொம்ப அகலமா அடிக்கும், அதனால கருப்பு அட்டைல பென்சில் முனையால ஒரு ஓட்ட போட்டு டார்ச் மேல ஒட்டினேன். லேசர் வேணாம்னு முன்னாடியே முடிவு, அத்தன பசங்க கைக்கும் மாறும்போது யார் கண்ணுல படும்னு சொல்ல முடியாது.

ஜன்னல மூடி, விளக்க அணைச்சு, முதல்ல உப்புத்தண்ணி. பாருங்க, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே அடிச்சேன். பளிச்சுன்னு ஒரு கோடு. டம்ளர் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் அழகா ஒரு வெளிச்சக் கோடு, பசங்க கைதட்றாங்க, நான் திருதிருன்னு முழிக்கிறேன். புஸ்தகத்துல கரைசலுக்கு முதல் உதாரணமே உப்புத்தண்ணிதான், அதுவே கூழ்மம் மாதிரி நிக்குது.

அன்னிக்கு எனக்கு பதில் தெரியல, தெரியலன்னே சொல்லிட்டேன், டம்ளர அப்படியே அலமாரில மூடி வச்சுட்டோம். மறுநாள் காலைல பாத்தா அடில மெல்லிசா ஒரு வெள்ளப் படலம். உப்பு பாக்கெட்ட திருப்பிப் பாத்தேன், கட்டியாகாம இருக்க சேக்குற பொருள்னு ஒண்ணு அச்சடிச்சிருந்துச்சு. மேஜ உப்பு ஈரத்துல கட்டி பிடிக்காம உதிரி உதிரியா கொட்டணும்னு கால்சியம் சிலிகேட், மெக்னீசியம் கார்பனேட் மாதிரி ஏதாவது ஒண்ண துளி அளவு சேப்பாங்க, இந்த ரெண்டுமே தண்ணில கரையறதில்லன்னே சொல்லலாம். உப்பு கரைஞ்சுதான் இருந்துச்சு, அதோட வந்த விருந்தாளிதான் கரையாம மெதந்து வெளிச்சத்துல மாட்டிக்கிச்சு. அடுத்த வாரம் இதச் சொன்னப்போ ஒருத்தன் கேட்டான், "அப்போ பாக்கெட் உப்பே ஒரு கலவையா மிஸ்?" ஆமாடா, கலவதான். நான் திட்டம் போட்டு சொல்லிக் குடுத்த எதையும் விட இந்த சொதப்பல்தான் அவங்களுக்கு நல்லா பதிஞ்சுது, நாலாவது வாரம் வரைக்கும் யார் எத எடுத்தாலும் பாக்கெட்ட திருப்பிப் படிக்கிற பழக்கம் வந்துடுச்சு.

யாராவது இத பண்றதா இருந்தா கரைசலுக்கு சக்கரத்தண்ணிய எடுங்க, கொதிக்க வச்சு ஆற வச்சு வடிகட்டின தண்ணில கரைச்சு, கொஞ்ச நேரம் அசையாம வச்சு காத்துக் குமிழி எல்லாம் போன பிறகு அடிங்க. அப்பவும் லேசா ஒரு கோடு தெரிஞ்சா ஆச்சரியமில்ல, தூசி எங்கதான் இல்ல. வித்தியாசத்த காட்டினா போதும்.

பாலுக்கு முழு டம்ளர் பால் ஆகாது, வெளிச்சம் உள்ளேயே போகாது. ஒரு டம்ளர் தண்ணில ரெண்டு மூணு சொட்டுப் பால். இத மட்டும் தயவு செஞ்சு விட்டுடாதீங்க. இருட்டுல டார்ச் வச்சதும் டம்ளர் மொத்தமும் உள்ள விளக்கு போட்ட மாதிரி ஆயிடுச்சு, பக்கவாட்டுல நின்னு பாத்தவங்க நீலம் மிஸ்னு கத்துறாங்க, டார்ச்சுக்கு நேர் எதிர்ல நின்னவங்க இல்ல, ஆரஞ்சுன்னு கத்துறாங்க, ரெண்டு கோஷ்டிக்கும் சண்டை. இடம் மாத்தி நிக்க வச்சேன், சண்டை நின்னு போச்சு, எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிக்கிறாங்க. குட்டித் துகள்ல பட்டு நீல வெளிச்சம் அதிகமா செதறிப் பக்கவாட்டுல போயிடுது, மிச்சம் நேரா வர்றது ஆரஞ்சா தெரியுது, சாயங்கால வானம் செவக்கிறதுக்கும் இதே கணக்குதான். அதுக்கப்புறம் யாரும் பாலக் கரைசல்னு சொல்லல. நான் இல்லன்னு சொன்னதால இல்ல, அவங்க கண்ணால கோட்டப் பாத்ததால.

வடிகட்டல் பத்தி ரெண்டு வரி போதும். காபி ஃபில்டர் பேப்பர்ல பால் ஊத்தினா பாலாவே இறங்கும், கூழ்மத் துகளுக்கு அந்த ஓட்ட பெரிய வாசக்கதவு. மாவுத்தண்ணி முதல்ல கலங்கலா இறங்கும், அப்புறம் மாவு படிஞ்சு ஓட்டய அடைச்சு சொட்டு சொட்டா விழும், பசங்களுக்குப் பொறும போயிடும். மாவுக்கு அசைக்காம வச்சுப் பாக்குறதே மேல், பத்து நிமிஷத்துல அடில கெட்டியா ஒக்காந்துடும், மேல தெளிஞ்சு நிக்கும்.

இங்கதான் எனக்கு மொழி கை குடுத்துச்சு. அடில ஒக்காந்த மாவ மறுபடி கலக்கிட்டு, இப்போ இந்தத் தண்ணிய என்னன்னு சொல்வீங்கன்னு கேட்டேன், "கலங்கிடுச்சு மிஸ்." வச்சிருந்தா? "தெளிஞ்சிடும்." அவ்ளோதான், கரையாத துகள் கொஞ்ச நேரம் மெதந்துட்டு அப்புறம் அடில படியற கலவைக்குத் தொங்கல்னு பேரு, அதுக்கு இத விட நல்ல விளக்கம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு? கலங்கலும் தெளியறதும் அவங்க வாயிலேயே இருந்துச்சு, நான்தான் தொங்கல், படிதல், இறுத்தல்னு வெளில தேடிக்கிட்டு இருந்தேன். அன்னிலேர்ந்து எங்க வகுப்புல ஒரு ஒப்பந்தம். தெளிய வச்சா பிரிஞ்சு வந்தா அது கரைஞ்சதில்ல, கலங்கினது. அம்மா மாவு கரைக்கிறாங்கங்கறது வீட்டுப் பேச்சு, அத மாத்த வேணாம், இந்த மேஜைல மட்டும் மாவு கலங்கும், சக்கர கரையும். ரெட்ட ஜடைக்கு அது பிடிச்சிருந்துச்சு, அம்மாவ திருத்தத் தேவையில்லன்னு நிம்மதியா இருந்திருக்கும்.

மூணாவது வாரம்: எண்ணெய், முட்டை, பசை, தயிராகாத பால்

மூடி போட்ட பாட்டில்ல பாதி தண்ணி, கால்வாசி எண்ணெய். குலுக்கினா கலங்கும், வச்சா ரெண்டே நிமிஷத்துல எண்ணெய் மேல. எண்ணெய் தண்ணிய விட லேசு, ஒரு மில்லிக்கு 0.92 கிராம் மாதிரி வரும். இதுல ஒரு முட்டையோட மஞ்சக்கருவப் போட்டு மறுபடி குலுக்கினா லேசுல பிரியாது, பால் மாதிரி வெளுத்துப் போய் நிக்கும், இதுக்குப் பேரே பால்மம். மஞ்சக்கருல இருக்குற லெசித்தின் ஒரு பக்கம் எண்ணெயயும் இன்னொரு பக்கம் தண்ணியயும் பிடிச்சுக்கும்னு சொன்னேன், "புரோக்கர் மாதிரி"ன்னான் ஒருத்தன், அதுக்கப்புறம் லெசித்தின்ங்கற பேர யாரும் சொல்லல. மயோனைஸ் எப்படி கெட்டியா நிக்குது, அதுல பெரும்பங்கு எண்ணெய்தானேன்னு பேச்சு போச்சு. பச்ச முட்டை போட்டத வாயில வைக்க விடல, கை கழுவ வச்சேன்.

அப்புறம் வெண்ணெய். கெட்டி க்ரீம ஒரு பாட்டில்ல பாதி ஊத்தி ரவுண்டா ஒக்காந்து கைக்குக் கை மாத்திக் குலுக்கினாங்க. அஞ்சு நிமிஷத்துல சத்தமே வரல, க்ரீம் நுரச்சு கெட்டியாகி பாட்டில் முழுக்க ஒட்டிக்கிச்சு, கெட்டுப் போச்சு மிஸ்னு கைவிடப் பாத்தாங்க, இன்னும் கொஞ்சம்னு விரட்டினேன், திடீர்னு தொப் தொப்புன்னு ஒரு கட்டி உள்ள அடிக்க ஆரம்பிச்சுது. க்ரீம்ல தண்ணிக்குள்ள கொழுப்புத் துளி மெதந்துட்டு இருந்துச்சு, இப்போ தலகீழா கொழுப்புக்குள்ள தண்ணித் துளி மாட்டிக்கிட்டு இருக்கு, வெண்ணெய்ல 80 சதவீதம் கொழுப்புன்னா 16 சதவீதம் கிட்ட தண்ணிதான். ரெண்டுமே பால்மம், யார் வீட்டுக்குள்ள யார் குடியிருக்காங்கங்கறதுதான் மாறிச்சு.

கார்ன்ஃப்ளார் மாவுத்தண்ணிய அடுப்புல வச்சுக் கிண்டினேன். அது வரைக்கும் கலங்கித் தெளிஞ்சுட்டு இருந்தது, 60, 70 டிகிரியத் தாண்டினதும் திடீர்னு கெட்டியாகி, ஓரளவு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. மாவு மணி தண்ணிய உறிஞ்சி ஊதி உடைஞ்சு போயிடுது, அப்புறம் வச்சிருந்தாலும் தெளியாது. "இது பசை மிஸ்"னாங்க. ஆமா, 1861ல தாமஸ் கிரஹாம்ங்கற வேதியியலாளர் இந்த மாதிரிப் பொருளுக்கெல்லாம் கொலாய்டுன்னு பேரு வச்சப்போ பசைங்கற அர்த்தம் உள்ள கிரேக்கச் சொல்லுலேர்ந்துதான் எடுத்தார்னு சொன்னேன், நாம தமிழ்ல கூழ்மம்ங்கறோம், கூழ் மாதிரி இருக்கறதால. ஒரே மாவு, ஒரே தண்ணி, சூடு பண்றதுக்கு முன்னாடி தொங்கல், பின்னாடி கூழ்மம். பொருளுக்குப் பொருள் பேர மனப்பாடம் பண்ணி வச்சவங்க இதுல மாட்டிக்குவாங்க, என்ன பண்ணிருக்கோம்ங்கறதப் பாக்கணும்.

நடுவுல அர மணி நேரம் வீணாப் போச்சுங்கறதயும் எழுதிடறேன். மிச்ச மாவுல கொஞ்சமா தண்ணி விட்டுக் கெட்டியா பெசஞ்சா ஓங்கி அடிச்சா கல்லு மாதிரி நிக்கும், மெதுவா விரல விட்டா உள்ள போகும். யாரோ ஒருத்தன் வீடியோல பாத்துட்டு வந்து ஆரம்பிச்சு வச்சான், அப்புறம் மேஜை, சட்டை, கூரை வரைக்கும் மாவு. நல்ல விஷயம்தான், ஆனா தனி வகுப்பா வைங்க, இதோட சேக்காதீங்க.

கடைசியா பாலச் சூடு பண்ணி எலுமிச்சம்பழச் சாறு பிழிஞ்சேன். திரிஞ்சு வெள்ளக் கட்டி ஒரு பக்கம், பச்சையும் மஞ்சளுமா தண்ணி ஒரு பக்கம். இதுக்காகத்தான் பால மூணு வாரமா விடாம வச்சிருந்தேன். பால்ல ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணி. அதுல லாக்டோஸ் சக்கர கரைஞ்சு இருக்கு, அது வரைக்கும் கரைசல். கேசின்ங்கற புரதம் சின்னச் சின்ன உருண்டையா, நூத்தி சொச்சம் நானோமீட்டர் அளவுல மெதக்குது, அது கூழ்மம். கொழுப்பு துளித்துளியா நிக்குது, அது பால்மம். முதல் வாரம் கரைசல்னு சொன்னாங்களே, அது முழுத் தப்பும் இல்ல, மூணுல ஒரு பங்கு சரி. இதச் சொன்னப்போ முன் பெஞ்ச்ல இருந்தவன் "அப்போ எனக்கு மூணுல ஒரு மார்க் குடுங்க"ன்னான், குடுத்தேன்.

ஆனா இங்கயே ஒரு கேள்வில மாட்டினேன். கலவைன்னா எதையும் புதுசா மாத்தாம பிரிச்சு எடுக்கலாம்னு சொன்னீங்க, இந்தக் கட்டியயும் தண்ணியயும் மறுபடி கலந்தா பால் வருமா? கலந்தாங்க, வரல. வராது. புளிப்பு ஏற ஏற கேசின் உருண்டைய ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தள்ளி வச்சிருந்த மின்னூட்டம் போயிடுது, புளிப்ப அளக்குற பிஎச் எண் 4.6 கிட்ட வந்தா எல்லாம் கைகோத்துக் கட்டி ஆயிடும், அத கலக்கிப் பிரிச்சு பழைய இடத்துல ஒக்கார வைக்க முடியாது. வடிகட்டறது, தெளிய வைக்கிறது, ஆவியாக்கறது இதெல்லாம் ஒரு வகை, இது அதுல முழுசா சேராதுன்னு சொன்னேன். பாதிப் பேருக்குப் புரிஞ்ச மாதிரி இல்ல. அடுத்த தடவ பிரிக்கிறதுக்கு உதாரணமா இத வைக்க மாட்டேன், பால் எதால ஆனதுன்னு காட்ட மட்டும் வச்சுக்குவேன்.

திரும்ப எடுக்குற சோதனைக்கு ரெண்டு தட்டு ஜன்னலோரம் வச்சிருந்தோம். உப்புத்தண்ணி தட்டுல ஒரு வாரத்துல குட்டிக் குட்டி சதுரக் கட்டி, லென்ஸ் வச்சுப் பாத்தா அச்சுல வாத்த மாதிரி. சக்கரத் தட்டு? பிசுபிசுன்னு ஒரு பாகு, சுத்தி எறும்பு. சக்கர சீக்கிரத்துல மணி கட்டாதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வச்சேன், சோம்பேறித்தனம். சக்கர வந்துடுச்சுன்னு எறும்புங்கதான் சாட்சி சொல்லிச்சு.

சாப்பிட்டுப் பாக்கலாமாங்கற கேள்வி எல்லா வாரமும் வந்துச்சு. சமையல் மேடைல நம்ம கையால எடுத்ததுன்னா நான் சொன்ன பிறகு, பச்ச முட்டை போட்டதுன்னா கிடையாது, ஸ்கூல் லேப்ல எப்பவுமே கிடையாதுன்னு மூணா பிரிச்சு வச்சேன். வேர்க்கடலை, பால், முட்டை மூணுமே ஒவ்வாம வர்ற பொருள், முதல் நாளே வீட்ல கேட்டு எழுதி வாங்கிட்டேன், ஒருத்தனுக்கு வேர்க்கடலை ஆகாதுன்னு தெரிஞ்சதால கிண்ணத்த அவன் இருந்த மேஜைலேர்ந்தே தள்ளி வச்சேன். யோசிச்சா அந்தக் கிண்ணமே வேணாம், சோளப்பொரியும் திராட்சையும் போதும்.

நாலாவது வாரம்

தேர்வுத்தாள் குடுக்கல. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வரணும், என்ன பண்ணிப் பாத்தோம், என்ன ஆச்சு, அதனால என்னன்னு சொல்றோம், இந்த மூணு வரி எழுதி முன்னாடி வைக்கணும். தேன், பழச்சாறு, டீ, ஜாம், சோடா, அடிச்ச முட்டை வெள்ளக்கரு எல்லாம் வந்துச்சு. பழச்சாறு கொண்டு வந்தவ ராத்திரியே தெளிய வச்சு அடில படிஞ்சத காட்டினா. சோடா பையன் திறக்கறதுக்கு முன்னாடி எடை, திறந்து காத்து போன பிறகு எடை ரெண்டும் எழுதியிருந்தான், சில கிராம் கொறஞ்சிருந்துச்சு, போனது கரைஞ்சிருந்த வாயுன்னு அவனே சொன்னான். டீ கொண்டு வந்தவன் டார்ச் அடிச்சா லேசா கோடு தெரியுது, ஆனா எப்பவும் இல்ல, அதனால தெரியலன்னு எழுதியிருந்தான், முழு மார்க் அவனுக்குத்தான். ஜாம் இன்னும் மேஜைல சண்டைல இருக்கு, பழத்துண்டு தெரியுது, ஆனா நடுவுல இருக்குறது கெட்டியான களி, யாரும் ஒத்துக்கல.

கடைசியா ரெட்ட ஜடை ஒரு டம்ளர் தண்ணில நாலு ஐஸ் கட்டியப் போட்டு எடுத்துட்டு வந்து வச்சா. இது கலவையா? ரெண்டும் தனித்தனியா தெரியுது, ஒண்ணு திடம் ஒண்ணு திரவம். பலபடித்தான கலவைன்னு நாலஞ்சு பேர் கை தூக்கினாங்க. இல்ல, ரெண்டும் தண்ணிதான், வேற பொருள் எதுவுமே இல்லயே, கலவைக்கு ரெண்டு பொருளாவது வேணும்லன்னு எதிர்க்கட்சி. தெளிய வச்சா பிரியுமான்னு ஒருத்தன், ஐஸ்தான் மேலேயே மெதக்குதேன்னு இன்னொருத்தன், இப்படியே பேச்சு வளந்துட்டு போகுது, மணி ஆயிடுச்சு, வெளில பெத்தவங்க வந்து நிக்கிறாங்க.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா, ஐஸ் கரைஞ்சுடப் போகுது"ன்னேன்.

"உருகிடப் போகுது மிஸ்"னா அந்தப் பொண்ணு, டம்ளரவிட்டு கண்ண எடுக்காம.